பெரிய கம்பெனிக்கு வெண்டர் ஆகும் முன்: சின்னப் பட்டறைக்காரர்களுக்கு

கோவையிலோ ஓசூரிலோ நாலு சி.என்.சி. மெஷின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் இயந்திரம்) வைத்து ஓட்டுகிறவருக்கு, ஒரு பெரிய வண்டிக் கம்பெனியின் பர்ச்சேஸிலிருந்து "ட்ராயிங் அனுப்பியிருக்கோம், ரேட் கொடுங்க" என்று போன் வந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது. எனக்கும் வரவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால், கோவை கணபதியில் வாடகைக் கட்டடத்தில் இரண்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆர்டர் வந்தால் போதும், நிமிர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். வந்தது. முதல் எட்டு மாதத்தில் வீட்டு நகை இரண்டு தடவை அடகுக்குப் போனது. வேலையைச் சரியாகத்தான் செய்தோம், பீஸும் நேரத்துக்குப் போனது. பில் பணம் எப்போது வரும், அதுவரை யார் காசில் பட்டறை ஓடும் என்பதை மட்டும் நான் கணக்குப் போட்டிருக்கவில்லை.

பெரிய கம்பெனிக்குப் பார்ட் செய்து கொடுக்கிறவர், கூடவே அந்தக் கம்பெனிக்குக் கடனும் கொடுக்கிறார். இது தெரிந்து இறங்கினால் ரேட் பேசுவதும் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) படிப்பதும் வேறு மாதிரி இருக்கும். புதிதாக இறங்குகிறவர்கள் என்னென்ன வரிசையில் செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் டர்னிங், மில்லிங் வேலைக்காரன். உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும்.

1. ரேட் கொடுக்கும் முன் மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள்

ட்ராயிங்கைப் பார்த்ததும் சைக்கிள் டைம் (மெஷினில் ஒரு பீஸ் முடிய ஆகும் நேரம்) போட்டு, மணிக்கு இத்தனை பீஸ் என்று வகுத்து, ரேட் அனுப்பிவிடுவது எல்லாரும் செய்கிற தவறு. ஒரு பீஸுக்கு 95 நொடி என்று வையுங்கள். மணிக்கு 38 பீஸ் என்று பேப்பரில் வரும். மெஷினில் வராது. பீஸ் மாட்டிக் கழற்றுவது, கேஜ் (அளவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்ப்பது, இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது, முனை தேய்வதற்கு ஏற்ப ஆப்செட் திருத்துவது, டீ குடிக்கப் போவது எல்லாம் சேர்ந்தால் 32தான் வரும். மெஷின் வாடகை மணிக்கு 450 ரூபாய் என்றால் 38 பீஸ் கணக்கில் ஒரு பீஸுக்கு 11.84 ரூபாய், 32 பீஸ் கணக்கில் 14.06 ரூபாய். இரண்டே கால் ரூபாய்தானே என்று தோன்றும். மாதம் 10,000 பீஸ் என்றால் 22,000 ரூபாய். ஒரு ஆபரேட்டர் சம்பளம் அதிலேயே போய்விடுகிறது.

முடிந்தால் பக்கத்துப் பட்டறையில் மெஷினைக் கடன் வாங்கியாவது அதே மாதிரி மெட்டீரியலில் ஐம்பது பீஸ் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பேக்கிங், லாரி வாடகை, ரஸ்ட் ஆயில், கேஜ் செலவு. ட்ராயிங்கில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் ஒரு ஸ்டாண்டர்டு எண் இருக்கும். அது சால்ட் ஸ்ப்ரே டெஸ்டாகவோ (உப்புநீர் தெளித்துத் துருப்பிடிக்கிறதா என்று பார்ப்பது) ஒவ்வொரு ஹீட் நம்பருக்கும் (ஸ்டீலை உருக்கிய தொகுதியின் எண்) லேப் ரிப்போர்ட்டாகவோ இருக்கலாம். அதைத் தேடிப் படிக்காமல் ரேட் கொடுக்கவே கூடாது.

2. பணம் எத்தனை நாள் வெளியில் நிற்கும்

இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது.

மாதம் 10 லட்ச ரூபாய்க்கு பில் போடுகிறீர்கள், உங்கள் செலவு 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீல் கடைக்காரர் சின்னப் பட்டறைக்குப் பெரிய கடன் தரமாட்டார். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஏப்ரல் 1ஆம் தேதி ஸ்டீல் ராடு வாங்குகிறீர்கள். கட்டிங், டர்னிங், வெளியில் பிளேட்டிங் எல்லாம் முடிந்து ஏப்ரல் 20இல் சரக்கு போகிறது. பி.ஓ.வில் 45 நாள் என்று இருக்கும். அந்த 45 நாள் உங்கள் பில் தேதியிலிருந்து ஓடாது. அவர்கள் ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். (சரக்கு வந்து சேர்ந்ததற்கான சீட்டு) போட்ட நாளிலிருந்து ஓடும். ஜி.ஆர்.என். ஏப்ரல் 22 என்றால் 45 நாள் ஜூன் 6இல் முடிகிறது. பல கம்பெனிகளில் பேமென்ட் மாதத்தில் இரண்டு நாள்தான் ஓடும். 10ஆம் தேதி ஓட்டத்தில் உங்கள் பில் ஏறினால் ஜூன் 10இல் பணம் வருகிறது. ராடு வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் 70 நாள்.

மாதம் 9 லட்சம் செலவு, 70 நாள் என்றால் எப்போதும் 21 லட்ச ரூபாய் வெளியில் நிற்கும். கூலியும் கரண்ட் பில்லும் சற்றுப் பின்னால்தான் போகும் என்பதால் கொஞ்சம் குறையலாம். ஆனால் கணக்கைக் கூடுதலாகவே போட்டு வையுங்கள், பில் ஒரு தடவை தள்ளிப்போனால் அந்த இடைவெளி சரியாகிவிடும். பேங்கில் சி.சி. (கேஷ் கிரெடிட் கடன்) கணக்குக்கு 11 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 2,31,000 ரூபாய். உங்கள் வருட லாபம் 12 லட்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த கடனின் வட்டியாகவே போய்விடுகிறது.

இதில் ஜி.எஸ்.டி. தனி. மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால், ஏப்ரல் பில்லுக்கான வரியை மே 20க்குள் கட்டியாகவேண்டும். பணம் வந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்டீலுக்குக் கட்டிய வரியைக் கழித்தது போக மீதி உங்கள் கையிலிருந்துதான்.

ஆகவே ரேட் கொடுக்கும் முன் இரண்டு தொகை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆர்டருக்கு எவ்வளவு பணம் வெளியில் நிற்கும், அதன் வட்டி பீஸுக்கு எத்தனை பைசா. இரண்டாவதை ரேட்டில் சேருங்கள். முதலாவது உங்களிடம் இல்லை என்றால், பேங்கில் லிமிட் (கடன் வரம்பு) வாங்கிய பிறகு ஆர்டரை எடுங்கள். ஆர்டரை எடுத்துவிட்டு பேங்குக்கு ஓடினால் லிமிட் வர மூன்று மாதம் ஆகும். எங்கள் நகை போனது அந்த மூன்று மாதத்தில்தான்.

3. பி.ஓ.வின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் ரேட் இருக்கும். பின்பக்கத்தில், அல்லது தனியாக ஐம்பது பக்க பி.டி.எஃப்.பில், மற்ற எல்லாம் இருக்கும். ஆங்கிலம் புரியவில்லை என்றால் ஆடிட்டரிடமோ தெரிந்த வக்கீலிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஃபீஸ் வீணாகாது.

ஸ்டீல் விலை ஏறினால் என்ன என்று பாருங்கள். 2021இல் ஸ்டீல் ஏறிய ஏற்றத்தில் பழைய ரேட்டிலேயே மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெட்டீரியல் ரேட்டைத் திருத்துவார்களா, எந்த மில்லின் விலையை வைத்துத் திருத்துவார்கள், திருத்தம் எந்தத் தேதியிலிருந்து கணக்காகும் என்று மூன்றும் எழுத்தில் இருக்கவேண்டும். ஸ்கிராப் யாருக்கு என்பதும் அங்கேயே. சில பி.ஓ.க்களில் முதல் மூன்று வருடம் வருடத்துக்கு 2 சதவீதம் ரேட்டைக் குறைக்கவேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வருடம் சண்டை போட முடியாது.

ஃபிக்ஸ்சர் (மெஷினில் பீஸைப் பிடித்துவைக்கும் சாதனம்), டை, கேஜ் செலவை யார் ஏற்பது? "பீஸ் ரேட்டில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், எத்தனை பீஸில் கழியும், அத்தனை பீஸ் அவர்கள் எடுக்காவிட்டால் மீதியை யார் தருவது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, பெரிய கம்பெனி தப்பாக நினைத்துக்கொள்ளும் என்று. அவர்கள் தப்பாக நினைப்பதே இல்லை. பர்ச்சேஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தினசரி வேலை. கேட்கிறவரைத்தான் விவரம் தெரிந்தவராக எடுத்துக்கொள்கிறார்.

4. சாம்பிள்

வண்டிக் கம்பெனிகளில் சாம்பிள் என்றால் பீஸ் மட்டும் போதாது. பி.பி.ஏ.பி. என்று, உற்பத்தி தொடங்கும் முன் பார்ட்டுக்கு ஒப்புதல் வாங்கும் ஒரு கோப்பு கேட்பார்கள், பேச்சில் பீபேப். முழுக் கோப்பில் 18 இனங்கள் உண்டு. ஐந்து நிலைகளில் எது வேண்டும் என்று சொல்லுவார்கள், ஒன்றும் சொல்லாவிட்டால் மூன்றாம் நிலை. முக்கியமான அளவுகளுக்கு ஆரம்ப ஓட்டத்தில் 1.67க்கு மேல் திறன் குறியீடு (அளவு எவ்வளவு சீராக வருகிறது என்று காட்டும் எண்) எதிர்பார்ப்பார்கள், 1.33க்குக் கீழே போனால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

இங்கே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சாம்பிளைப் பட்டறையிலேயே கை தேர்ந்த ஆளை வைத்து, மெதுவாக, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்யாதீர்கள். உற்பத்தி ஓட்டம் ஒரு மணியிலிருந்து எட்டு மணி நேரம், தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பீஸ் என்பதுதான் அந்த முறையின் பொது விதி. அதை நைட் ஷிப்ட் பையனை வைத்து, தினமும் ஓடுகிற வேகத்தில் ஓட்டுங்கள். அப்போது வராத அளவு அப்புறமும் வராது. டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) பிடிக்க முடியவில்லை என்றால் சொல்லவேண்டிய நேரம் இதுதான். டிசைன் ஆட்கள் இந்தக் கட்டத்தில் 0.02 மில்லிமீட்டரை 0.03 ஆக்கித் தந்ததை நானே இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். தொடர் சப்ளை தொடங்கிய பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

5. ஷெட்யூல்

மூன்று மாத ஷெட்யூல் வரும். முதல் மாதம் மட்டும் உறுதி, மற்ற இரண்டும் உத்தேசம் என்பது வழக்கம், பி.ஓ.வில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உத்தேசத்தை நம்பி மூன்று மாத ராடு வாங்கி அடுக்கினால் பணம் அங்கேயே படுத்துக்கொள்ளும். பத்து நாள் ரெடி ஸ்டாக், பதினைந்து நாள் ராடு என்று நான் வைத்திருக்கிறேன். ஷெட்யூலை போனில் ஏற்றினாலும் குறைத்தாலும் அன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள்: "இன்று போனில் பேசியபடி இந்த வாரம் 2,000க்குப் பதில் 3,500 அனுப்புகிறோம்" என்று இரண்டு வரி போதும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

6. ரிஜெக்ஷன் வந்தால்

ஒரு ராத்திரி 9.40க்கு ஓசூரிலிருந்து குவாலிட்டி ஆள் போன் செய்தார். ஒரு புஷ், நடுவில் 4 மில்லிமீட்டர் எண்ணெய்த் துளை. துளையின் உள்விளிம்பில் பர் (துளை போடும்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் உலோகப் பிசிறு) இருக்கிறது, வண்டி கோக்கும் லைன் நின்றுவிட்டது என்றார். இரண்டு பையன்களையும் எங்கள் செட்டரையும் (மெஷினை வேலைக்குத் தயார் செய்கிறவர்) காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். விடிகாலை நாலு மணிக்கு அவர்கள் ஸ்டோர்ஸில் உட்கார்ந்தோம். 4,800 பீஸ். டியூப் லைட் வெளிச்சத்தில் துளைக்குள் பர் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்கும் எட்டவில்லை. செட்டர்தான் காது குடையும் பஞ்சுக் குச்சி ஒரு டப்பா வாங்கிவரச் சொன்னார். குச்சியைத் துளையில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், பர் இருக்கிற பீஸில் பஞ்சு நூல் மாட்டிக்கொள்ளும். மத்தியானம் ஒரு மணிக்கு முடித்தோம். மொத்தம் 18 பீஸ்.

பீஸ் 42 ரூபாய். 18 பீஸுக்கு 756 ரூபாய். வந்த டெபிட் நோட் (நம் பணத்தில் கழித்துக்கொள்வதாக அனுப்பும் சீட்டு) 38,000 ரூபாய். லைன் 22 நிமிடம் நின்றதற்கு இவ்வளவு, அவர்கள் ஆட்கள் சோதித்ததற்கு இவ்வளவு என்று எழுதியிருந்தது.

இங்கே புதியவர்கள் இரண்டு தவறு செய்வார்கள். ஒன்று, பயந்துபோய் அப்படியே ஒத்துக்கொள்வது. இன்னொன்று, கோபப்பட்டு எல்லாவற்றையும் மறுப்பது. தப்பு நம்முடையது என்றால் அன்றைக்கே ஒத்துக்கொள்ளுங்கள். தொகைக்கு மட்டும் கணக்குக் கேளுங்கள். நான் லைனின் லாக் ஷீட்டைக் கேட்டு வாங்கினேன். 22 நிமிடத்தில் 9 நிமிடம் வேறொரு பார்ட் வராததால் நின்றது என்று அவர்கள் ஷீட்டிலேயே இருந்தது. அந்த அளவுக்குத் தொகை குறைந்தது. அதற்கப்புறம் புதிதாக எடுக்கும் எந்த பி.ஓ.விலும், ஒரு சம்பவத்துக்கு லைன் நின்ற டெபிட் இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு கேட்கிறேன். பாதி இடத்தில் கிடைக்கிறது.

அடுத்து 8டி ரிப்போர்ட் கேட்பார்கள். என்ன நடந்தது, உடனே என்ன செய்தீர்கள், மூல காரணம் என்ன, இனி வராமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று எட்டுப் படி. "ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதி அனுப்பினால் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும். எங்கள் புஷ்ஷில் ஏன் பர் என்று கேட்டுக்கொண்டே போனோம். டிரில் மழுங்கியிருந்தது. ஏன்? 600 பீஸில் மாற்றவேண்டியதை 900 வரை ஓட்டியிருந்தார்கள். ஏன்? ஆபரேட்டர் நோட்டில் எழுதி எண்ணிக்கொண்டிருந்தார், நடுவில் கரண்ட் போய் ஷிப்ட் மாறியதில் எண்ணிக்கை விட்டுப்போனது. ஆக, நோட்டை நம்பியதுதான் காரணம். புரோகிராமிலேயே கவுன்டர் வைத்து, 600 ஆனதும் மெஷின் தானாக நிற்கும்படி மாற்றினோம். அந்த பார்ட்டில் அதற்கப்புறம் பர் புகார் வந்ததில்லை. 8டியைக் கம்பெனிக்காக எழுதும் தண்டனைக் கட்டுரையாக நினைக்காதீர்கள். சின்னப் பட்டறைக்கு இவ்வளவு நல்ல பாடத்தை வேறு யாரும் சொல்லித்தருவதில்லை.

7. பணத்தை வாங்குவது

முதல் வேலை உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில் என்று அரசிடம் பதிவது. ஆதார், பான் இருந்தால் அரசின் இணையதளத்தில் இலவசமாகச் செய்யலாம். காசு கேட்கும் தளங்கள் எதுவும் அரசினுடையது கிடையாது. முதல் பி.ஓ. வாங்கும் முன்பே பதிந்துவிடுங்கள், பில்லில் அந்த எண்ணை அச்சடியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து, இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுவரவு 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். 25 கோடி, 100 கோடிக்குள் என்றால் சிறுதொழில்.

இந்த இரண்டு வகைக்கும் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில் பணம் தரவேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, பி.ஓ.வில் 90 நாள் என்று எழுதிவிட்டதால் அது செல்லுபடியாகிவிடாது. சரக்கு போய் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2023இல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாகச் சேர்த்த விதியும் இருக்கிறது: இந்த நாளுக்குள் பணம் தராவிட்டால், தரும் வருடம் வரை வாங்குகிறவர் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. மார்ச் மாதத்தில் அக்கவுன்ட்ஸ் ஆட்களே போன் செய்து உத்யம் சான்றிதழ் கேட்பது இதனால்தான்.

தராதவர்மேல் அரசின் இணையதளத்தில் மனு போடலாம். அது இந்தப் பணத் தகராறுகளைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்குப் போகும். மன்றம் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, கம்பெனி அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போகமுடியும். நல்ல சட்டம். ஆனால் சப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் மனு போடுவதில்லை, நானும் போட்டதில்லை. மனு போட்ட மறுநாள் அடுத்த ஷெட்யூல் வராது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, அது வெறும் பயமும் இல்லை. சட்டத்தை நான் பயன்படுத்துவது மெயிலில்தான். "எங்கள் உத்யம் எண் இது, இந்த பில்லுக்கு 45 நாள் இந்தத் தேதியில் முடிகிறது, ஏதாவது பேப்பர் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்" என்று முப்பதாம் நாளே எழுதுவேன். பில் நிற்பதற்குப் பெரும்பாலும் ஏதாவது சின்னக் காரணம் இருக்கும்: ஜி.ஆர்.என்.னில் ஐந்து பீஸ் குறைவு, பி.ஓ. வரிசை எண் தப்பு, டெஸ்ட் சர்ட்டிபிகேட் இணைக்கவில்லை. முப்பதாம் நாளில் தெரிந்தால் நாற்பத்தைந்துக்குள் சரிசெய்யலாம்.

டிரெட்ஸ் (பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் இணையத் தளம்) பற்றியும் கேளுங்கள். உங்கள் பில்லைத் தளத்தில் ஏற்றி, கம்பெனி ஒத்துக்கொண்டதும் பேங்குகள் வட்டி கேட்டுப் போட்டிபோடும். குறைந்த வட்டியை ஏற்றால் ஓரிரு நாளில் பணம் வந்துவிடும். கம்பெனியின் பெயரை வைத்து வட்டி போடுவதால் நம் சி.சி. வட்டியைவிடக் குறைவாகவே இருக்கும். கம்பெனி பேங்குக்குக் கட்டாவிட்டாலும் பேங்க் நம்மிடம் திரும்ப வரமுடியாது. விற்றுவரவு 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேரவேண்டும் என்று அரசு உத்தரவிட்டிருந்தது. ஆனால் சேர்ந்திருப்பது வேறு, உங்கள் பில்லை ஒத்துக்கொள்வது வேறு. அதனால் ரேட் பேசும் முதல் கூட்டத்திலேயே "டிரெட்ஸில் பில் ஏற்றலாமா?" என்று கேட்டுவிடுங்கள். ஏற்றலாம் என்றால் மேலே போட்ட வட்டிக் கணக்கு குறையும், ரேட்டிலும் கொஞ்சம் இறங்கிவரலாம்.

8. ஒரே கம்பெனியாக வைத்துக்கொள்ளாதீர்கள்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசி வண்டியை இறக்கியது. நன்றாக வேலை செய்த வெண்டர்களும் அதில் மாட்டினார்கள். எந்தக் கம்பெனியும் என் விற்றுவரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். பெரிய ஆர்டரைக் கைவிடுவது கஷ்டம்தான், இரண்டு தடவை விட்டிருக்கிறேன். ஆனால் பம்ப் கம்பெனி, டெக்ஸ்டைல் மெஷின் ஆட்கள், வால்வு ஆட்கள் என்று கோவையில் வேறு வேலை கிடைக்கும். சின்ன கம்பெனிகள் பத்து நாளில் பணம் தரும்.

9. ஒரு பார்ட் முடிந்துபோனால்

மாடல் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் மூன்று எண்களை எழுதி பர்ச்சேஸுக்கு அனுப்புங்கள்: ரெடி பீஸ் எத்தனை, பாதி வேலையில் எத்தனை, அந்த பார்ட்டுக்கு மட்டுமே உதவும் ராடு எத்தனை கிலோ. உறுதி ஷெட்யூலுக்குள் வருவதை அவர்கள் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று பி.ஓ.வில் இருந்தால் அதைச் சுட்டுங்கள். பாக்கி எவ்வளவு என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்குங்கள். நான் இதை மார்ச் 31 கணக்குக்கு வருடா வருடமே வாங்கிவிடுகிறேன்.

கம்பெனியின் ஃபிக்ஸ்சரும் கேஜும் உங்களிடம் இருக்கும். அவற்றைத் திருப்பும்போது டி.சி.யில் (டெலிவரி சலான்) "ஃபிக்ஸ்சர் 6" என்று மொத்தமாக எழுதாமல் ஒவ்வொன்றின் எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். எனக்கு ஒரு இடத்தில் மூன்று வருடம் கழித்து ஒரு கேஜைக் காணோம் என்று டெபிட் வந்தது, பழைய டி.சி.யில் எண் இல்லாததால் கட்டினேன். இப்போதெல்லாம் வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தும் ஸ்டோர்ஸ் சீலும் விழுந்த நகல் கைக்கு வந்த பிறகுதான் எங்கள் வண்டி அவர்கள் கேட்டைத் தாண்டுகிறது.